கத்தி யாருடைய கையில்?
சிசேரியன் பிரசவத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பிள்ளை பிறந்த செய்தி தொலைபேசியில் வந்தால் நமது சனங்கள் கேட்கும் முதலாவது கேள்வி, ஆணா பெண்ணா என்பது. இரண்டாவது கேள்வி, 'நோமலோ சீசரோ' என்பது. சீசர் என்றால் அதற்கொரு காரணமும் கூடவே வந்துவிடும். இடுப்பு ஒடுக்கமாம், கொடி சுத்தினதாம், பிள்ளை திரும்பேல்லையாம், தண்ணி வத்திப் போச்சாம். இந்தக் காரணங்கள் எல்லாம் பெண்ணின் உடலைப் பற்றியவை. அவளது உடல் சரியாக வேலை செய்யவில்லை, ஆகவே டொக்டர் வெட்டினார் என்பதுதான் இவற்றின் சாரம்.

ஆனால் உலகத்தின் கணக்குகளை எடுத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. பிறேசிலில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வயிற்றை வெட்டித்தான் எடுக்கப்படுகிறார்கள். நெதர்லாந்திலும் ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் ஆறில் ஒன்று அளவுதான். பிறேசில் பெண்ணின் இடுப்பு நெதர்லாந்துப் பெண்ணின் இடுப்பைவிட மூன்று மடங்கு ஒடுக்கமானது என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். அப்படியென்றால் இந்த வீதத்தை நிர்ணயிப்பது எது? இக்கேள்விக்குப் பதில் தேடுவதற்கு இந்தச் சத்திரசிகிச்சையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டியுள்ளது.

பெயரில் உள்ள பொய்

ஜூலியஸ் சீசர் இப்படித்தான் பிறந்தார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது பலரும் நம்பும் கதை. சீசர் பிறந்தது கி.மு. 100இல். அவரது தாய் அவுரேலியா கி.மு. 54 வரை உயிரோடிருந்தாள். அந்தக் காலத்தில் வயிறு வெட்டப்பட்ட ஒருத்தி நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்திருக்க முடியாது. ஆகவே கதை பொய். வெட்டுதல் என்ற பொருள்தரும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கர்ப்பிணியாக இறந்தவளைப் பிள்ளையை வெட்டி எடுக்காமல் புதைக்கக் கூடாது என்று உரோமர்களிடம் இருந்த பழைய சட்டத்தோடு அதை இணைப்பது இன்னொரு விளக்கம்.

இந்தச் சட்டத்தைக் கவனியுங்கள். இந்தச் சத்திரசிகிச்சை தாய்க்காகத் தொடங்கியதல்ல. அது இறந்துபோன பெண்ணின் உடலில் செய்யப்பட்டது. பிள்ளை அரசுக்கு உரியது, குடும்பத்துக்கு உரியது. பின்னர் கத்தோலிக்கத் திருச்சபை வந்ததும் பிள்ளையின் ஆன்மா திருச்சபைக்கு உரியதாயிற்று. தாய் இறந்தவுடன் வெட்டித் திருமுழுக்குக் கொடுக்கவேண்டும் என்பது குருமாருக்குக் கட்டளையாக இருந்தது. 1745இல் பலேர்மோவில் கங்கியாமிலா என்ற குரு இதைப்பற்றி ஒரு முழுநூலே எழுதினார். மருத்துவர் இல்லாவிட்டால் குருவானவரே கத்தியை எடுக்கவேண்டும் என்ற அளவுக்கு அந்தச் சிந்தனை போயிற்று.

உயிருள்ளவளின் வயிறு

உயிரோடிருக்கும் பெண்ணிலும் இதைச் செய்யலாம் என்று 1581இல் பாரிஸில் நூல் எழுதியவர் பிரான்சுவா றூசே. அவர் தன் கையால் ஒரு சத்திரசிகிச்சையும் செய்ததில்லை. கேள்விப்பட்டவற்றைத் தொகுத்தார். அக்காலத்தின் பெயர்பெற்ற சத்திரசிகிச்சையாளர் அம்புறுவாஸ் பாரே இதை எதிர்த்தார். அடுத்த நூற்றாண்டில் மொறிசோவும் எதிர்த்தார். இது தாயைக் கொல்வதற்குச் சமம் என்பது அவர்களது வாதம். வாதம் சரியாகத்தான் இருந்தது. மயக்கமருந்து இல்லை. கிருமி என்றால் என்னவென்று தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, வெட்டிய கருப்பையை யாரும் தைக்கவில்லை. கருப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்றே நம்பினார்கள். பெண்கள் இரத்தம் போயும் சீழ்பிடித்தும் இறந்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய பாரிஸில் இது ஒரு பகிரங்கச் சண்டையாகவே வெடித்தது. சக்கோம்ப் என்ற மருத்துவர் 'சிசேரியன் எதிர்ப்புப் பள்ளி' ஒன்றை ஆரம்பித்தார். பாரிஸின் முதன்மை மகப்பேற்று மருத்துவரான போதலொக்கைக் கொலைகாரன் என்று எழுதினார். போதலொக் வழக்குப் போட்டு 1804இல் வென்றார். சக்கோம்பின் கதை அத்தோடு முடிந்தது. வழக்கில் தோற்றவரைக் கணக்கு ஆதரித்தது என்பதுதான் விசித்திரம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1876 வரை, கிட்டத்தட்டத் தொண்ணூறு வருடங்களாக, பாரிஸில் சிசேரியன் செய்யப்பட்ட ஒரு தாயும் பிழைக்கவில்லை என்று அக்கால மருத்துவர்களே எழுதிவைத்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த றொபேர்ட் ஹரிஸ் 1887இல் இன்னொரு கணக்கை வெளியிட்டார். மாடு முட்டி வயிறு கிழிந்த கர்ப்பிணிகள், மருத்துவர் வெட்டிய கர்ப்பிணிகளைவிடக் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள்.

இதே காலத்தில் உகண்டாவில் வேறொன்று நடந்தது. 1879இல் புன்யோறோ இராச்சியத்தில் பெல்கின் என்ற பிரித்தானியப் பயணி ஓர் உள்ளூர் வைத்தியர் சிசேரியன் செய்வதைக் கண்டார். பெண்ணுக்கு வாழைப்பழ மது கொடுக்கப்பட்டது. அதே மதுவால் கையும் வயிறும் கழுவப்பட்டன. இரத்தம் வடிந்த இடங்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டன. வயிறு ஊசிகளால் இணைத்துக் கட்டப்பட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். 1884இல் எடின்பரோ மருத்துவச் சஞ்சிகையில் இது வெளிவந்தது. பாரிஸ் பேராசிரியர்கள் கைவிட்ட காரியத்தை ஓர் ஆபிரிக்க வைத்தியர் பழகிய கையோடு செய்திருக்கிறார். அவருடைய பெயரை எழுதிவைக்கவேண்டும் என்று பெல்கினுக்குத் தோன்றவில்லை.

யாருடைய உடலில் பழகினார்கள்?

எந்தச் சத்திரசிகிச்சையும் யாரோ ஒருவரின் உடலில்தான் பழகப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 1820களில் தொடங்கி பிரெவோ என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்த சிசேரியன்கள் அந்நாட்டின் முதல் வெற்றிகள் என்று மருத்துவ வரலாற்றில் எழுதப்படுகின்றன. அந்தப் பெண்கள் அடிமைகள். அவர்களிடம் சம்மதம் கேட்கும் தேவை சட்டப்படி எவருக்கும் இருக்கவில்லை. தாயும் சொத்து, பிள்ளையும் சொத்து.

1876 மே 21இல் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ பொறோ, ஜூலியா கவல்லீனி என்ற இளம்பெண்ணுக்குச் சிசேரியன் செய்தார். இரத்தப்போக்கை நிறுத்துவதற்காகக் கருப்பையையே அகற்றிவிட்டார். அவள் பிழைத்தாள். இனி அவளுக்குப் பிள்ளை இல்லை. 1882இல் லைப்சிக்கைச் சேர்ந்த மாக்ஸ் சேங்கர், வெட்டிய கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைத்துவிடலாம் என்று காட்டினார். மூன்று நூற்றாண்டு வாதத்துக்கு முடிவு கட்டியது ஒரு தையல். உலகத்தின் எல்லா வீடுகளிலும் பெண்கள் செய்துவந்த வேலை அது.

1888இல் கிளாஸ்கோவில் மேர்டொக் கமறன் இம்முறையில் சிசேரியன் செய்யத் தொடங்கினார். ஏன் கிளாஸ்கோ? அது தொழிற்சாலைப் புகை மூடிய நகரம். சூரிய ஒளி காணாத ஒண்டுக் குடியிருப்புகளில் போசாக்கின்றி வளர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு றிக்கெற்ஸ் என்னும் எலும்பு வளைநோய் வந்தது. பெண்பிள்ளைகளின் இடுப்பெலும்பு நெளிந்து சுருங்கியது. அவர்கள் தாயாகும் வயது வந்தபோது பிள்ளை வெளியே வர வழி இருக்கவில்லை. 'இடுப்பு ஒடுக்கம்' என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் காரணத்தின் பிறப்பிடம் இதுதான். அதுகூட உடலின் குறையாக இருக்கவில்லை. முதலாளித்துவம் அந்த உடலில் எழுதிய எழுத்து அது.

வீதம் ஏறிய கதை

1847இல் குளோறபோம், 1860களில் லிஸ்ரரின் கிருமிநீக்கம், சேங்கரின் தையல், 1920களில் மன்றோ கேர் பரப்பிய கீழ்ப்பகுதிக் குறுக்குவெட்டு, 1940களில் பெனிசிலினும் இரத்த வங்கியும். இவையெல்லாம் சேர்ந்து சாவுத்தண்டனையாக இருந்த ஒன்றை உயிர்காக்கும் வழியாக மாற்றின. இதை மறுப்பதற்கில்லை. நச்சுக்கொடி வழியை மறித்துக்கொண்டிருந்தால், பிள்ளை குறுக்கே கிடந்தால், சிசேரியன் இல்லாமல் இரண்டு உயிரும் போகும். ஆனால் பாதுகாப்பான பிறகு அது எங்கே போய் நிற்கும் என்பதை மருத்துவம் மட்டும் தீர்மானிக்கவில்லை.

அமெரிக்காவில் 1965இல் நூறு பிரசவங்களில் நான்கோ ஐந்தோதான் சிசேரியன். 1988இல் அது கிட்டத்தட்ட 25. 2009இல் கிட்டத்தட்ட 33. இந்த நாற்பத்தைந்து வருடத்தில் பெண்ணின் உடல் மாறிவிடவில்லை. தாய்மாரின் வயது கூடியதும் உடற்பருமன் கூடியதும் ஒரு பகுதியை விளக்கும். முழுவதையும் விளக்காது. வேறு சில காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஒரு வாக்கியம். 1916இல் நியூயோர்க்கின் எட்வின் கிறாகின், ஒருமுறை சிசேரியன் செய்தால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். அவர் சொல்ல வந்தது, ஆகவே முதல் வெட்டை யோசித்துச் செய்யுங்கள் என்ற எச்சரிக்கை. எச்சரிக்கை மறக்கப்பட்டு வாக்கியம் சட்டமாயிற்று. 1980களில் அமெரிக்காவில் இது கேள்விக்குட்படுத்தப்பட்டது. 1996இல் முன்னர் சிசேரியன் செய்த பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இயல்பாகப் பெற்றார்கள். அதன்பின் கருப்பைத் தழும்பு கிழியும் அபாயம் பற்றிய ஆய்வுகளும் வழக்குப் பயமும் சேர்ந்து, சில வருடங்களிலேயே அது பத்துக்கும் கீழே இறங்கியது.

இரண்டாவது, மணிக்கூடு. 1955இல் பிறீட்மன் என்ற மருத்துவர் நியூயோர்க்கின் ஒரு வைத்தியசாலையில் ஐந்நூறு பெண்களின் பிரசவவேதனையை அளந்து ஒரு வளைகோடு வரைந்தார். கருப்பை வாய் மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் திறக்கவேண்டும் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. உலகத்துப் பெண்கள் எல்லோரும் அந்த ஐந்நூறு பேரின் வேகத்தில் பெறவேண்டும் என்றாயிற்று. பிந்தியவளுக்கு 'முன்னேற்றமின்மை' என்று எழுதப்பட்டது. 2018இல்தான் உலக சுகாதார நிறுவனம், மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்பதை மட்டும் வைத்துத் தலையிடக்கூடாது என்று சொன்னது. அறுபத்துமூன்று வருடங்கள்!

மூன்றாவது, இயந்திரம். பிள்ளையின் இதயத்துடிப்பை இடைவிடாது காகிதத்தில் பதியும் கருவி 1970களில் பிரசவ அறைகளுக்குள் வந்தது. முன்னர் மருத்துவத்தாதி இடையிடையே காதுவைத்துக் கேட்டாள். ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் கருவியால் பிறந்த பிள்ளைக்கு வலிப்பு வருவது குறைந்திருந்தது. மரணம் குறையவில்லை, மூளைவாதமும் குறையவில்லை. சிசேரியன் கூடியிருந்தது. ஆனாலும் கருவி போகவில்லை. காகிதம் நீதிமன்றத்தில் சாட்சியாகிறது. வெட்டியதற்காக வழக்கு வருவது அபூர்வம், வெட்டாததற்காக வருகிறது.

நான்காவது, மறந்துபோன கைத்திறன். கால்மாறிக் கிடக்கும் பிள்ளையை இயல்பாகப் பிறப்பிக்கும் வித்தை மருத்துவிச்சிகளிடமும் பழைய மருத்துவர்களிடமும் இருந்தது. 2000இல் ரொறன்ரோவிலிருந்து நடத்தப்பட்ட, 26 நாடுகளைச் சேர்ந்த 2,088 பெண்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு, சிசேரியனே பாதுகாப்பு என்றது. நெதர்லாந்தில் இரண்டே மாதத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான சிசேரியன் நூற்றுக்கு 50இலிருந்து 80ஆகத் தாவியது. 2004இல் அதே ஆய்வின் தொடர்ச்சி, இரண்டு வயதில் இரு பகுதிப் பிள்ளைகளிடையே வித்தியாசமில்லை என்று காட்டியது. அதற்குள் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த வித்தையைக் கற்காமலே வந்துவிட்டார்கள். கை மறந்ததை ஒரு கட்டுரையால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பணமும் மதமும்

1970க்கும் 1982க்கும் இடையில் அமெரிக்காவில் பிறப்பு வீதம் 13.5 வீதம் குறைந்தது. பிரசவம் குறைந்தால் மகப்பேற்று மருத்துவரின் வருமானமும் குறையும். குறுபர், ஓவிங்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பிறப்புகள் கூடுதலாகக் குறைந்த மாநிலங்களில் சிசேரியன் கூடுதலாக ஏறியிருப்பதைக் காட்டியது. இயல்பான பிரசவத்தைவிடச் சிசேரியனுக்குக் கட்டணம் அதிகம்.

பிறேசிலின் கதை இன்னும் வெளிப்படையானது. அங்கு 1970களில் சமூகக் காப்புறுதி சிசேரியனுக்கு மருத்துவருக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தது. 1980இல் கட்டணம் சமமாக்கப்பட்டது, ஆனால் பழக்கம் நின்றுவிட்டது. இயல்பான பிரசவம் இரவில் வரும், பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். சிசேரியனை வியாழக்கிழமை மாலை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். அதோடு, கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குச் சட்டபூர்வமான வழி இல்லாதிருந்ததால், அதைச் செய்துகொள்ள விரும்பிய பெண்கள் சிசேரியனோடு சேர்த்து இரகசியமாகச் செய்யவேண்டியிருந்தது. ஒரு சட்டத்தின் இல்லாமை இன்னொரு வெட்டாக மாறியது.

பெண்கள்தான் வேதனைக்குப் பயந்து கேட்கிறார்கள் என்பது அங்குள்ள மருத்துவர்கள் வழமையாகச் சொன்ன பதில். 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு 1,612 பெண்களைக் கர்ப்பகாலத்திலேயே கேட்டது. அரச வைத்தியசாலைக்குப் போனவர்களிலும் தனியாருக்குப் போனவர்களிலும் நூற்றுக்கு 70, 80 பேர் இயல்பான பிரசவத்தையே விரும்பினார்கள். கடைசியில் அரச வைத்தியசாலைகளில் 31 வீதம், தனியாரில் 72 வீதம் சிசேரியனில் முடிந்தது. விருப்பம் ஒன்று, நடந்தது வேறொன்று. 2014இல் பிறேசிலில் ஒரு பெண் இயல்பாகப் பெறவேண்டும் என்று வீட்டுக்குப் போனபோது, நீதிமன்றக் கட்டளையோடு பொலிஸ் வந்து அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வெட்டியது.

அயர்லாந்தில் இதற்கு நேர்மாறானது நடந்தது. பலமுறை சிசேரியன் செய்தால் பெண்கள் கருத்தடையை நாடக்கூடும் என்று கத்தோலிக்க மருத்துவர்கள் சிலர் பயந்தார்கள். ஆகவே 1940களிலிருந்து 1980கள் வரை, சிசேரியனுக்குப் பதிலாக, ஏறத்தாழ 1,500 பெண்களின் இடுப்பெலும்பு இணைப்பு வெட்டிப் பிரிக்கப்பட்டது. பலர் வாழ்நாள் முழுவதும் நொண்டினார்கள். தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதே பலருக்குப் பல தசாப்தங்களுக்குத் தெரியவில்லை. அரசு நட்டஈட்டுத் திட்டம் அறிவித்தது 2014இல். கூடுதலாக வெட்டினாலும் குறைவாக வெட்டினாலும், கேட்கப்படாதவள் ஒருத்திதான்.

நமது பக்கம்

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். அவர் வெளியிட்ட தமிழ் மருத்துவ நூல்களில் ஒன்று 1857இல் வந்த 'பிரசவ வைத்தியம்'. ஒரு பெண்ணின் உடலில் என்ன நடக்கிறது என்பதை அவளது மொழியிலேயே சொல்லமுடியும் என்று நூற்றறுபது வருடத்துக்கு முன்னரே ஒருவர் நம்பியிருக்கிறார். அதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் வருகிறேன்.

இலங்கையில் 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது நாற்பதுக்கும் கீழ். இந்தப் பெரிய இறக்கத்துக்குப் பெருமளவு காரணம் கத்தியல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, வீடு வீடாகச் சைக்கிளில் போன அரச மருத்துவிச்சி, இலவச வைத்தியம், பெண்கல்வி என்பனவே. சிசேரியன் அதற்குப் பின்னால் ஒரு காவலாக நின்றது. 2016இன் குடித்தொகைச் சுகாதார ஆய்வின்போது அங்கும் அது மூன்றிலொன்றை நெருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45. அரச மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. ஒரே ஊர்ப் பெண்கள்தான். வாசல் மாறினால் இடுப்பு ஒடுங்கிவிடுகிறது! அதற்குமேல் சோதிடரிடம் நாளும் நட்சத்திரமும் குறித்து வாங்கிவந்து அந்த நேரத்துக்கு வெட்டச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. கத்திக்குக் கிரகங்களும் கட்டளையிடுகின்றன.

ஆனால் மறுபக்கத்தையும் மறந்துவிடக்கூடாது. 2015இல் இலத்தீன் அமெரிக்காவில் நூற்றுக்கு 44, மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் நூற்றுக்கு 4. அந்த நான்கு என்பது இயற்கைக்குத் திரும்பிய பெருமையல்ல. தேவைப்பட்டபோது கத்தி கிடைக்காமல் செத்த பெண்களின் கணக்கு அதற்குள் இருக்கிறது. 2009இல் வன்னியில் ஷெல் விழுந்துகொண்டிருந்த தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்கமருந்தும் இரத்தமும் தட்டுப்பாடாக இருந்த நாட்களை அறிந்த எவரும், சிசேரியன் வேண்டாத ஒன்று என்று சொல்லத் துணியமாட்டார்கள். 1985இல் பிறேசிலின் போர்த்தலேசாவில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டம், எந்த நாட்டிலும் 10 முதல் 15 வீதத்துக்கு மேல் நியாயமில்லை என்றது. 2015இல் அதே நிறுவனம், பத்து வீதத்துக்கு மேலே போவதால் நாட்டளவில் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்றது. ஒரு எண்ணை எட்டுவதைவிட, தேவைப்பட்ட ஒவ்வொருத்திக்கும் அது கிடைப்பதே முக்கியம் என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டும் உண்மை.

நோர்வேயின் கணக்கு

இனி நமக்கு மிகவும் நெருக்கமான ஒரு கணக்கு. நோர்வேயில் 1986க்கும் 1995க்கும் இடையில் நடந்த பிறப்புகளை வைத்து 2000இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நமது சனம் அகதிகளாக அங்கு போய்ச் சேர்ந்த, முதற் பிள்ளைகளைப் பெற்ற அதே பத்து வருடங்கள். நோர்வேப் பெண்களில் சிசேரியன் 12.4 வீதம். பாகிஸ்தான் பெண்களில் 13.2. துருக்கி, மொறொக்கோ பெண்களில் 12.6. இலங்கை, இந்தியப் பெண்களில் 21.3. சோமாலியா, எரித்திரியா, எத்தியோப்பியப் பெண்களில் 20.5. சிலி, பிறேசில் பெண்களில் 24.3. பிலிப்பைன்ஸ் பெண்களில் 25.8. எல்லோரையும்விடக் குறைவு வியட்நாமியப் பெண்களில்: 10.1.

நமது பெண்கள் உயரம் குறைந்தவர்கள், ஆகவே அப்படி என்று உடனே சொல்லிவிடலாம். வியட்நாமியப் பெண்கள் மட்டும் நெட்டையா? அவர்களும் அகதிகளாக வந்தவர்கள்தான், அவர்களுக்கும் மொழி தெரியாதுதான். ஆகவே உயரம் என்ற ஒன்றோ, அகதி என்ற ஒன்றோ தனியாக நின்று இதை விளக்காது. நீரிழிவு ஒரு காரணமாகலாம். முதற் பிள்ளை பெறுவோர் கூடுதலாக இருந்ததும் ஒரு காரணமாகலாம். தாயும் மாமியும் பக்கத்தில் இல்லாத பயமும், வேதனையில் சத்தம்போடுவதா பல்லைக் கடிப்பதா என்ற வளர்ப்பும், அதை அந்நாட்டுத் தாதி எப்படி விளங்கிக்கொண்டாள் என்பதும் காரணங்களாகலாம். பதிவேட்டில் எழுதக்கூடியது ஒரு நோய்ப்பெயரைத்தான். பயத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் அதில் கட்டமில்லை.

நானிருக்கும் நாட்டில் இதன் ஒரு துளியை நானும் கண்டதுண்டு. உணவகச் சமையலறையில் வேலையில் நின்றபோது தெரிந்த ஒரு அக்காவின் கணவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வைத்தியசாலையில் மொழிபெயர்க்க ஆளில்லை. காற்றாடிச் சத்தத்துக்கும் சட்டிச் சத்தத்துக்கும் நடுவில் மருத்துவரின் பேச்சைக் கேட்டு, "அக்கா, வெட்டப் போகினமாம், சம்மதமோ எண்டு கேக்கினம்" என்றேன். "ஏனெண்டு ஒருக்கால் கேளுங்கோ தம்பி" என்றார். கேட்டேன். நேரமில்லை என்று பதில் வந்தது. கையொப்பத்துக்கு மட்டும் நேரமிருந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. அந்த வெட்டு அவசியமாகவே இருந்திருக்கக்கூடும், மருத்துவர் இரண்டு உயிரைக் காத்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் இன்றுவரை தெரியாது. அவரது இரண்டாவது பிள்ளையும் சிசேரியன்தான். முதலாவது சிசேரியன் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மானிப்பாயில் 1857இல் தமிழில் அச்சிடப்பட்ட நூலை இங்கேதான் நினைத்துக்கொள்கிறேன். ஒரு மகப்பேற்றுப் பகுதியில் யார் யாருக்கு ஏன் சிசேரியன் செய்யப்படுகிறது என்பதைப் பத்துப் பிரிவாக வகுத்துப் பார்க்கும் முறையொன்றை மைக்கேல் றொப்சன் என்ற மருத்துவர் 2001இல் வகுத்தார். இன்று பல நாடுகளில் அது பயன்படுகிறது. அதாவது காரணம் கேட்பது மருத்துவத்துக்கு விரோதமான செயலல்ல, மருத்துவமே தன்னைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. நமது பெண்கள் அதைக் கேட்டால் மட்டும் ஏன் 'உனக்கு விளங்காது' என்ற முகம் வரவேண்டும்?

நமது சங்கங்கள் வருடாவருடம் மண்டபம் எடுத்துக் கலைவிழா நடத்துகின்றன. ஒவ்வொரு நகரத்திலும் பிரசவகாலத்தில் மொழிபெயர்க்கத் தெரிந்த நாலு பெண்களின் தொலைபேசி எண்களை ஒரு தாளில் அடித்துக் கொடுக்க அதில் நூறிலொரு பங்கு செலவாகாது. கர்ப்பிணிகள் கேட்கவேண்டிய கேள்விகள் நாலைந்துதான். ஏன் இப்போது? பொறுத்துப் பார்த்தால் என்ன? வேறு வழி உண்டா? முதல் வெட்டின் காரணம் என்னவென்று எழுதித் தருவீர்களா? அடுத்த பிள்ளையை இயல்பாகப் பெறமுடியுமா? இவற்றைத் தமிழிலும் அந்தந்த நாட்டு மொழியிலும் எழுதிக் கைப்பையில் வைத்துவிடலாம். கணவர்மாரும் இவற்றைப் பாடமாக்கிக்கொள்ளட்டும். சம்மதக் கடதாசியை நீட்டும்போது அவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.